லத்தினெக்ஸ் சிறுவர் நாடகம்: என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

டெக்சஸில் ஒரு பள்ளியின் மாலை நேர நாடக வகுப்பில் சில வருடங்களாக உதவி செய்துவருகிறேன். வகுப்பில் முக்கால்வாசிப் பேர் மெக்சிகோ, எல் சால்வடோர் வழி வந்த வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்காக எழுதப்படும் நாடகங்களைப் பற்றி நான் பேசும்போதெல்லாம் இரண்டு தரப்பிலிருந்து கேள்விகள் வரும். ஊரில் சிறுவர் நாடகம் போடும் நண்பர்கள் ஒரு தரப்பு. இங்கேயே பிள்ளை வளர்க்கும் தமிழ்ப் பெற்றோர் இன்னொரு தரப்பு. பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான். அவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன்.

லத்தினெக்ஸ்னா என்ன? லத்தீன் மொழி பேசுறவங்களா?

இல்லை. லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து வந்தவர்களையும் அவர்கள் வழி வந்தவர்களையும் அமெரிக்காவில் லத்தினோ என்பார்கள். ஆண் என்றால் லத்தினோ, பெண் என்றால் லத்தினா. 99 பெண்களோடு ஒரே ஒரு ஆண் இருந்தாலும் ஸ்பானிஷ் இலக்கணப்படி மொத்தக் கூட்டமும் லத்தினோஸ் ஆகிவிடும். இந்த ஓகாரம், ஆகாரம் இரண்டிலும் அடங்காதவர்களையும் சேர்த்துச் சொல்ல உண்டான சொல்தான் லத்தினெக்ஸ். மெரியம்-வெப்ஸ்டர் அகராதி 2018இல் இதைச் சேர்த்துக்கொண்டது. தமிழில் மாணவன், மாணவி என்பதோடு மாணவர் என்றும் சொல்ல முடிகிறது அல்லவா? அந்த 'அர்' விகுதி செய்யும் வேலைக்கு ஸ்பானிஷில் ஆள் தேடுகிறார்கள், அவ்வளவுதான்.

சொல் எல்லாருக்கும் பிடித்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். பியூ ஆய்வு மையம் 2020இல் வெளியிட்ட கணக்குப்படி, இந்தச் சமூகத்துப் பெரியவர்களில் 23 சதவீதம் பேர் இதைக் கேள்விப்பட்டிருந்தார்கள்; தங்களைக் குறிக்கப் பயன்படுத்தியவர்கள் 3 சதவீதம். 2024இல் வந்த கணக்கில் கேள்விப்பட்டவர்கள் 47 சதவீதமாகக் கூடினார்கள், பயன்படுத்துபவர்கள் 4 சதவீதத்தில் நின்றார்கள். ஸ்பானிஷ் நாக்குக்கு அந்த எக்ஸ் ஒத்துவரவில்லை என்று லத்தினே என்று சொல்பவர்களும் உண்டு. எங்கள் வகுப்புப் பிள்ளைகள் தங்களை மெக்சிகன், சால்வடோரியன் என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள். ஆகவே விழா அறிவிப்பில் லத்தினெக்ஸ் என்று போடுங்கள். பத்து வயதுப் பாத்திரத்தின் வாயில் அதைத் திணிக்க வேண்டாம்.

ஸ்பானிஷ் பேசுறவங்க எல்லாருமே இதுல அடக்கமா?

பிரேசில்காரர்கள் போர்ச்சுகீஸ் பேசினாலும் லத்தினோ கணக்கில் வருவார்கள். ஸ்பெயின்காரர்களைப் பொதுவாக அப்படிச் சொல்வதில்லை. போர்ட்டோ ரீக்கோக்காரர்கள் 1917 முதல் அமெரிக்கக் குடிமக்கள், எனவே அவர்களை 'குடியேறியவர்கள்' என்று எழுதினால் தவறு. கறுப்பின லத்தினோக்கள் இருக்கிறார்கள். வீட்டில் ஸ்பானிஷே பேசாமல் மிஸ்தெக், சபோதெக் போன்ற பூர்வகுடி மொழி பேசும் குடும்பங்களும் இருக்கின்றன. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தங்களை லத்தினோ அல்லது ஸ்பானிஷ் வழியினர் என்று பதிந்தவர்கள் அமெரிக்காவில் மொத்தம் 6.21 கோடிப் பேர். பாத்திரப் பட்டியலில் 'லத்தினெக்ஸ் சிறுமி, வயது 9' என்று மட்டும் எழுதினால் அந்தச் சிறுமியைப் பற்றி நீங்கள் இன்னும் ஒன்றுமே எழுதவில்லை.

சிறுவர் நாடகம்னா ஸ்கூல் ஆண்டு விழால பசங்க போடுறதுதானே?

அது பிள்ளைகள் நடிப்பது. நான் சொல்வது பிள்ளைகள் பார்ப்பது. தொழில்முறைப் பெரியவர்கள் நடிக்க, பள்ளிப் பேருந்தில் வந்து இறங்கும் முந்நூறு பிள்ளைகள் பகல் வேளையில் உட்கார்ந்து பார்க்கும் நாடகம். மினியாபோலிஸ், சியாட்டில், அரிசோனாவின் டெம்பி போன்ற ஊர்களில் இதற்கென்றே நாடகக் கம்பெனிகள் நடக்கின்றன.

எழுதுபவருக்கு இதனால் சில கட்டாயங்கள் வருகின்றன. பெரும்பாலும் 50, 60 நிமிடம், இடைவேளை கிடையாது. மதிய உணவுக்குப் பேருந்து திரும்பியாக வேண்டும். ஊர் ஊராகப் போகும் நாடகம் என்றால் நாலைந்து நடிகர்கள், ஒரு வேனில் அடங்கும் சாமான். ஒரே நடிகர் அம்மாவாகவும் ஆசிரியையாகவும் நாய்க்குட்டியாகவும் வருவார். இதை ஒரு குறையாக நான் பார்ப்பதே இல்லை. ஒரு சால்வையை எடுத்துப் போட்டால் பாட்டி, கழற்றினால் பையன் என்று கண்ணெதிரே மாறும் மேடையில், 'உடையும் நடையும் மாற்றிக்கொள்ளக் கூடியவை' என்ற விஷயத்தைத் தனியாக வசனம் எழுதிச் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகள் அதை முதல் ஐந்து நிமிடத்திலேயே பார்த்துவிடுகிறார்கள்.

இது எல்லாம் எங்கே ஆரம்பிச்சது?

வேர் வயலில் இருக்கிறது. 1965இல் கலிஃபோர்னியாவின் டெலானோவில் திராட்சைத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்தபோது லூயிஸ் வால்தெஸ் தொடங்கிய குழு எல் தியாத்ரோ காம்பெசீனோ, அதாவது உழவர் நாடகம். லாரியின் திறந்த தட்டுதான் மேடை. நடிகர்கள் தொழிலாளர்களே. கழுத்தில் 'முதலாளி', 'கருங்காலி', 'வேலைநிறுத்தக்காரன்' என்று அட்டை தொங்கும், முதலாளிக்குப் பன்றி முகமூடி. ஆக்தோ எனப்படும் அந்தக் குட்டி நாடகங்கள் குழந்தைகளுக்காக எழுதப்பட்டவை அல்ல. ஆனால் இரு மொழி கலந்த பேச்சு, எளிய சாமான், நேராகப் பார்வையாளரைப் பார்த்துப் பேசுவது ஆகியவை அங்கிருந்துதான் சிறுவர் நாடகத்துக்குள் வந்தன என்று நான் நினைக்கிறேன்.

பிறகு ஹோசே க்ரூஸ் கொன்சாலெஸ், மெக்சிகோவில் பிறந்த கரென் சக்கரியாஸ் போன்றவர்கள் சிறுவர்களுக்கென்றே நிறைய எழுதினார்கள். ஊர் ஊராகப் போகும் பண்ணைத் தொழிலாளி வீட்டுப் பையன் தாமஸ் ரிவேரா ஒரு நூலகரின் அன்பால் வாசிப்புக்குள் நுழைந்த கதையை கொன்சாலெஸ் மேடைக்குக் கொண்டுவந்தார். அந்தப் பையன் வளர்ந்து 1979இல் ரிவர்சைடில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் வேந்தர் ஆனார். 2019இல் டெக்சஸின் ஆஸ்டினில் லத்தினெக்ஸ் சிறுவர் நாடகங்களுக்கென்றே ஒரு விழாவும் கூடுகையும் நடந்தன. அதன் பெயர் 'சின் ஃப்ரோன்தெராஸ்', எல்லைகள் இல்லாமல்.

பாலினம் பத்தியெல்லாம் சின்னப் பிள்ளைங்ககிட்ட பேசணுமா? அதுங்களுக்கு என்ன தெரியும்?

பெற்றோர் அதிகம் கேட்பது இதைத்தான். பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் பாலினம் என்ற சொல்லைக் கேட்டதும் பெரியவர்கள் மனதில் ஓடுவது வேறு, பிள்ளைகள் வாழ்வது வேறு. மூன்று வயதிலேயே 'இது கேர்ள்ஸ் கலர்' என்று சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். ஆம்பளப் பிள்ளை அழக்கூடாது, பொம்பளப் பிள்ளை சத்தமாகச் சிரிக்கக்கூடாது என்பதெல்லாம் அவர்களிடம் நாம் ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கும் பாலினப் பேச்சுத்தான். நாடகம் அதற்குப் பதில் சொல்கிறது.

உதாரணத்துக்கு இரண்டைச் சொல்கிறேன். ராக்ஸேன் ஷ்ரோடர்-ஆர்ஸே எழுதிய நாடகம் ஒன்றில் ஒரு சிறுமிக்கு அப்பாவைப் போல மாரியாச்சி என்ற மெக்சிகோ மரபிசையில் கலைஞராக ஆசை. பெண்கள் மாரியாச்சி ஆவதில்லை என்கிறார் அப்பா. அவ்வளவுதான் சிக்கல். கேப்ரியல் ஜேசன் டீன் எழுதிய இன்னொன்றில், பிள்ளைகள் மாறுவேடம் போடும் ஹாலோவீன் இரவில் டூடுல் என்ற பையனுக்கு அம்மா வேலையில், துணைக்கு இரு மொழி பேசும் கற்பனை ஆடு ஒன்று. பக்கத்து வீட்டு ரீனோ பெண்பிள்ளை வேஷம் போடுகிறான் என்று மற்றப் பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். கூட்டத்தோடு சேர்ந்து கேலி செய்வதா, ரீனோவின் பக்கம் நிற்பதா என்பது டூடுலின் பாடு. இரண்டிலும் எட்டு வயதுக்குப் புரியாதது எதுவுமே இல்லை.

மாரியாச்சியில உண்மையிலேயே பெண்கள் இல்லையா?

இருக்கிறார்கள். நெடுங்காலம் ஆண்களின் கலையாக இருந்தது உண்மைதான். லாஸ் ஏஞ்சலஸில் 1994இல் தொடங்கிய மாரியாச்சி ரெய்னா முழுக்கப் பெண்கள் குழு. டெக்சஸ் பள்ளிகளின் மாரியாச்சிக் குழுக்களில் இப்போது பெண் பிள்ளைகள் வயலினும் ட்ரம்பெட்டும் வாசிப்பதை நானே பார்க்கிறேன். எழுதுபவர் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 'உலகத்திலேயே முதல் பெண் மாரியாச்சி' என்று எழுதினால் பார்வையாளரில் இருக்கும் ட்ரம்பெட்காரிகள் உங்களை நம்ப மாட்டார்கள். 'இந்த வீட்டில் முதல் பெண்' என்று எழுதினால் நம்புவார்கள்.

ஸ்பானிஷ் எவ்வளவு கலக்கலாம்? அர்த்தம் சொல்ல வேண்டாமா?

அந்த வீட்டில் எவ்வளவு கலக்கிறார்களோ அவ்வளவு. ஒரு வரியை ஸ்பானிஷில் சொல்லி உடனே ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்வது மேடையில் செத்த வரி. செய்கையோடு வந்தால் போதும். பாட்டி கம்பளிச் சட்டையை நீட்டிக்கொண்டு 'போன்த்தே எல் சுவேத்தெர்' என்கிறாள், பேரப்பிள்ளை 'எனக்குக் குளிரல' என்று ஓடுகிறது. அரங்கில் யாருக்கும் அகராதி தேவையில்லை. சில வரிகள் ஸ்பானிஷ் தெரிந்த பிள்ளைகளுக்கு மட்டும் புரியட்டும். வகுப்பில் எப்போதும் கடைசியாகச் சிரிக்கும் பிள்ளை அன்றைக்கு முதலாவதாகச் சிரிக்கும். அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டுப் பக்கத்துப் பிள்ளை 'என்ன சொன்னாங்க?' என்று அதனிடம் கேட்கும். அந்தக் கேள்விக்காகவே அப்படி எழுதலாம்.

இன்னொரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஸ்பானிஷில் 'எனக்குக் களைப்பாக இருக்கிறது' என்று தன்னைப் பற்றிச் சொல்வதற்கே பால் வேண்டும். பையன் என்றால் கான்சாதோ, பெண் என்றால் கான்சாதா. எந்த எழுத்தில் முடிப்பது என்று தெரியாத ஒரு பிள்ளை அந்தக் கடைசி உயிரெழுத்துக்கு முன்னால் நின்றுவிடுவதாக நினைத்துப் பாருங்கள். அல்லது ஒவ்வொரு முறையும் தப்பித்து 'தெங்கோ சுவேன்யோ', தூக்கம் வருகிறது, என்று சொல்வதாக. அதில் பால் இல்லை. நாள் முழுக்கத் தூக்கம் வருகிறது என்றே சொல்லும் பிள்ளையை அம்மா முதலில் டாக்டரிடம் கூட்டிப்போகிறாள். காரணம் புரிவது நாடகத்தின் கடைசியில். எங்கள் வகுப்பில் ஒரு ஆசிரியை சொன்ன சின்னப் பயிற்சி இது, இன்னும் என்னை விடவில்லை.

பாட்டி, பின்யாத்தா, இறந்தவர்கள் தினம் எல்லாம் கண்டிப்பா வேணுமா?

வேண்டாம். இருந்தால் தப்பும் இல்லை. இனிப்பு அடைத்துக் கட்டித் தொங்கவிட்டு அடித்து உடைக்கும் பின்யாத்தா அவர்கள் பிறந்தநாள்களில் நிஜமாகவே இருக்கிறது. ஆனால் அது மேடையில் வந்து ஒன்றும் செய்யாமல் தொங்கினால் அலங்காரம். யாராவது அதை உடைக்க மறுத்தால் கதை.

பாட்டி விஷயத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை. ஒன்று அவள் எல்லாம் அறிந்த ஞானி, இல்லையென்றால் பேரனின் பாவாடையைக் கண்டு அலறும் பழைய பஞ்சாங்கம். இரண்டுமே சோம்பேறித்தனம். லத்தினோ வீடு என்றாலே ஆண் திமிர், பள்ளிக்கூடம் என்றாலே சுதந்திரம் என்று வைக்கும் நாடகங்கள் என்னைக் கோபப்படுத்துகின்றன. மெக்சிகோவின் ஒஹாக்கா மாநிலத்தில் ஹுச்சித்தான் என்ற ஊர் இருக்கிறது. அங்கே சபோதெக் சமூகத்தில், ஆணாகப் பிறந்து பெண்ணைப் போலவோ இரண்டுக்கும் இடையிலோ வாழும் மூஷே மக்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள், அவர்களுக்கென்று விழா நடக்கிறது. அவர்கள் பேசும் சபோதெக்கில் அவன், அவள் என்ற பிரிவே இல்லை. மனிதர், விலங்கு, பொருள் என்றுதான் சுட்டுப்பெயர் பிரியும். நம் உயர்திணை, அஃறிணை போல. ஆகவே அந்தப் பாவாடையைப் பார்த்துப் பாட்டிக்குத் தன் ஊர்க்காரர் ஒருவர் நினைவு வரலாம். அவருக்கு நடந்த நல்லதும் கெட்டதும் நினைவு வரலாம். மூஷே மக்களும் கேலிக்கும் வன்முறைக்கும் ஆளாகாதவர்கள் இல்லை. பாட்டி பயந்து பேசினாலும் அந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு கிடைத்துவிடுகிறது.

நான் லத்தினெக்ஸ் இல்லையே, எழுதலாமா?

யாரும் கையைப் பிடித்துத் தடுக்க மாட்டார்கள். நான் எழுதவில்லை. உச்சரிப்புக்கும் மேடைக் குறிப்புக்கும் உதவுகிறேன், வசனத்தை அந்தப் பிள்ளைகளும் அவர்கள் ஆசிரியையும் எழுதுகிறார்கள். இது என் முடிவு, சட்டம் அல்ல.

எழுதத்தான் வேண்டும் என்றால் இரண்டு கேள்விகளுக்குப் பதில் வைத்திருங்கள். ஒன்று, இந்தக் குடும்பத்தை உங்களுக்கு எவ்வளவு காலமாகத் தெரியும்? இரண்டாவது, கூட இருந்து திருத்திக்கொடுக்கும் லத்தினெக்ஸ் கலைஞருக்குப் பெயரும் பணமும் உண்டா? 'ஒரு தடவை படிச்சுப் பாத்துச் சொல்லுங்க' என்று இலவசமாகக் கேட்பது நடக்கிறது, நடக்கக் கூடாது.

கேலி பண்ணின பையன் கடைசில மன்னிப்பு கேக்கணும்ல?

பெரியவர்களுக்குத்தான் அந்த ஆசை. கேலிக்கு ஆளான பிள்ளைக்கு, மறுநாளும் அதே பேருந்தில் போக வேண்டுமே என்ற கவலை இருக்கிறது. 58ஆவது நிமிடத்தில் எல்லாரும் திருந்திக் கட்டிப்பிடித்தால் அது தன் கதை இல்லை என்று அந்தப் பிள்ளை முடிவு செய்துவிடும். ஒரே ஒரு நண்பன் பக்கத்தில் வந்து உட்காரட்டும். அது நடக்கக் கூடியது.

அதே நேரம், நம்பிக்கையே இல்லாமல் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பவும் கூடாது. முன்பு சொன்ன மாரியாச்சிக் கதை போல, வேண்டியதை அடையப் பிள்ளை தானே ஒரு அடி எடுத்துவைப்பது முக்கியம். பாவாடை கட்டிய பையன் அடி வாங்க மட்டுமே கதையில் இருந்தால் தயவுசெய்து மறுபடி எழுதுங்கள். அவனுக்குப் பிடித்த விளையாட்டு என்ன, அவன் சொல்லும் பொய் என்ன, அவன் யாரிடம் சண்டை போடுவான் என்று கேட்டுக்கொண்டு எழுதுங்கள்.

ஸ்கூல்ல அனுமதி கிடைக்குமா? சட்டம் வேற இருக்காமே?

மாநிலத்துக்கு மாநிலம் வேறு. ஃப்ளோரிடாவில் 2022இல் வந்த சட்டம், மூன்றாம் வகுப்பு வரை பாலின அடையாளம் பற்றிய வகுப்பறைப் பாடத்தைத் தடுத்தது. 2023இல் அதை 12ஆம் வகுப்பு வரை நீட்டினார்கள். 2024இல் ஏற்பட்ட ஒரு சமரசம், தடை முறையான பாடத்துக்குத்தான், போகிறபோக்கில் வரும் குறிப்புகளுக்கு இல்லை என்று தெளிவாக்கியது. அரிசோனாவில் 2010இல் வந்த சட்டத்தால் டூசான் பள்ளிகளின் மெக்சிகன் அமெரிக்கப் பாடத்திட்டம் 2012இல் நிறுத்தப்பட்டது. அந்தச் சட்டம் அரசியல் சாசனத்துக்கு எதிரானது என்று 2017இல் கூட்டாட்சி நீதிமன்றம் சொல்லியது. அதாவது அடையாளம், பாலினம் இரண்டுக்குமே தடை வந்திருக்கிறது.

சட்டத்தைவிடப் பயம்தான் அதிகம் வெட்டுகிறது. ஒரு பள்ளியில் எங்கள் குறுநாடகத்தில் வந்த பாவாடையை 'நீளத் துண்டு' ஆக்கச் சொன்னார்கள். எந்தச் சட்டமும் அதைக் கேட்கவில்லை. துண்டாக்கினோம். பாவாடை கட்ட இருந்த பிள்ளை அன்றைக்கு ஒத்திகைக்கு வரவில்லை. அதற்குப் பிறகு பிரதியை முன்கூட்டியே கொடுத்து, முதல்வரையும் பெற்றோரையும் ஒத்திகைக்கு அழைத்து உட்கார வைக்கிறோம். தாளில் பார்த்து மிரண்டவர்கள் மேடையில் பார்த்ததும் பெரும்பாலும் சாந்தமாகிவிடுகிறார்கள்.

எழுதினது சரியா இருக்கான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

பத்துப் பிள்ளைகளை உட்கார வைத்து வாசித்துக் காட்டுங்கள். பிரதியைப் பார்க்காமல் அவர்கள் உடம்பைப் பாருங்கள். ஷூ லேஸை அவிழ்க்கத் தொடங்கும் வரியில் பென்சிலால் கோடு போடுங்கள், அந்த இடத்தில் பெரும்பாலும் ஒரு பெரியவர் பாத்திரம் அறிவுரை சொல்லிக்கொண்டிருக்கும். 'பிடிச்சுதா?' என்று கேட்டால் மரியாதைக்கு ஆமாம் என்பார்கள். 'இதில் யார் பொய் சொன்னாங்க?' என்று கேளுங்கள், கொட்டித் தீர்ப்பார்கள்.

இந்த நாடகத்தைத் தமிழ்ல மொழிபெயர்த்துப் போடலாமா?

போடலாம், முறையாக உரிமை வாங்கிக்கொண்டு. மொழிபெயர்ப்புக்கும் மேடையேற்றத்துக்கும் தனித்தனியே அனுமதி தேவைப்படும், நாடகத்தை வெளியிட்டவர்களிடமே கேட்கலாம். பெயரை முருகன் ஆக்கி, டார்ட்டியாவைத் தோசை ஆக்கி நம்மூருக்குக் கொண்டுவர வேண்டாம் என்பது என் கருத்து. டெக்சஸ் வீட்டைத் தமிழ்ப் பிள்ளைகள் டெக்சஸ் வீடாகவே புரிந்துகொள்வார்கள்.

உண்மையான கஷ்டம் வினைமுற்றில் வரும். முன்னே சொன்ன கான்சாதோ, கான்சாதா சிக்கல் தமிழில் கிடையாது. 'எனக்குக் களைப்பா இருக்கு' என்று யாரும் சொல்லலாம். ஆனால் ஸ்பானிஷில் 'யேகோ' என்ற ஒரே வினை வந்தான், வந்தாள் இரண்டுக்கும் போதும். நமக்குப் படர்க்கையில் பால் ஒட்டிக்கொள்ளும். தன்னைப் பற்றிப் பேசும்போது அங்கே தடுக்கும், பிறரைப் பற்றிப் பேசும்போது இங்கே தடுக்கும். அதனால் அந்தத் தூக்கம் வரும் பிள்ளையின் தயக்கத்தைத் தமிழில் அம்மாவின் வாய்க்கு மாற்ற வேண்டியிருக்கும். அம்மா முதல் காட்சியில் 'வந்துட்டான்' என்கிறாள், நடுவில் 'வந்தாச்சு' என்கிறாள், கடைசியில் கதவுப் பக்கம் திரும்பி 'பிள்ள வந்துருச்சு' என்கிறாள்.